ஒரு பல் தள்ளிய தண்டு

பஞ்சாட்சரம் பிணைத்த நெசவுப் பாவை எவரும் மறுமுறை பார்ப்பதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களிடையே அது எழுதப்படாத வழக்கம். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், இழைகளைச் சீப்புபோல் பிரித்து நிறுத்தும் அச்சிலும், ஏற்றி இறக்கும் விழுதிலும் எஞ்சி நிற்கும் பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புதிய பாவின் இழை நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்டு, இரு விரல்களுக்கிடையே முறுக்கி இணைப்பது அவர் தொழில். முடிச்சு போடுவதில்லை, முறுக்கு மட்டுமே. ஆயிரக்கணக்கான இழைகளும் இவ்வாறு கூடியபின் பாவை மெல்ல முன்னே இழுப்பார். இணைப்புகள் விழுதின் கண்களையும் அச்சின் பற்களையும் சிக்காமல் கடந்து வரும். இணைக்கும் இடத்தில் இழை நேராக இருந்தால் இழுத்த பின்னும் அது நேராகவே இருக்கும். அவர் தொழிலில் கற்ற விதி இது ஒன்றே. நரை தோன்றும் வயது வரை அவ்விதி அவரைக் கைவிட்டதில்லை.

இழைக்கு ஓரெழுத்தாகத் திருவைந்தெழுத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே பிணைப்பார். பெயருக்கேற்ற பழக்கம் என்று யாரேனும் சொன்னால் முகம் சிவந்து, "கணக்கு தப்பாம இருக்கறதுக்குப்பா" என்று சொல்லி நழுவிவிடுவார். கோயிலில் ஓதுவார் பதிகம் பாடும் வேளையில் தூணோரம் நின்று கேட்பாரேயன்றி, முன்னே சென்று நிற்கமாட்டார். புகழை விரும்பாதவர் என்று ஊரார் எண்ணினர். அது முழு உண்மையன்று. தம் கையைப் பற்றி ஊரார் சொல்வதை அவர் ஒவ்வொரு நாளும் உள்ளூரச் சுவைத்துக்கொண்டிருந்தார் என்பதை அவர் மனைவி கலாவதி மட்டுமே அறிவாள்.

இத்தகைய மனிதருக்கு ஆகாய விமானத்தோடு உறவு ஏற்பட்டது பட்டின் வழியாகத்தான். செவிலிமேட்டில் குடியிருந்த சாமுவேல் என்னும் அறிவியல் ஆசிரியர் ஒருநாள் சைக்கிளில் வந்து, பஞ்சாட்சரத்தின் அடுத்த வீட்டில் தறி போட்டிருந்த வீரபாகுவின் வாசலில் நின்றார். வீரபாகு கலாவதியின் தம்பி, முப்பது வயதாகியும் மணமாகாதவன், சிரிப்பு மிகுந்தவன்.

"மெல்லிசா, கரை இல்லாம, பூ இல்லாம, சாயம் போடாத பட்டு வேணும்பா" என்றார் ஆசிரியர்.

"யாருக்குங்க சார்? பொண்ணுக்கா?"

"விமானத்துக்கு."

வீரபாகு ஊடிழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தான். "விமானத்துக்கா? உள்பாவாடை வேணாமா சார் அதுக்கு?"

ஆசிரியரும் சிரித்துவிட்டார். பால்சா என்னும் இலேசான மரத்தால் எலும்புக்கூடு செய்து, அதன் சிறகுகளின்மேல் மெல்லிய பட்டைப் போர்த்தி, பசை பூசி இறுக்குவது அவருடைய பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலிருந்து திரும்பியதும் அவ்விமானத்தைப் பாலாற்று மணலுக்கு எடுத்துச் செல்வார். நீண்ட இரு எஃகுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவர் நடுவில் நின்று சுழல, விமானம் அவரைச் சுற்றி வட்டமிட்டுப் பறக்கும். தான் நெய்த பட்டு வானில் போவதைக் கண்ட வீரபாகு அன்றே அவருக்கு அடிமையானான். எஞ்சினைக் கிளப்ப அதன் மூக்கிலுள்ள விசிறியைச் சுண்டுவது அவன் உரிமையாயிற்று. துணைக்குச் சென்ற பஞ்சாட்சரத்துக்கு விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்ளும் வேலை வாய்த்தது.

எழுபத்தேழாம் ஆண்டில் ஆசிரியருக்கு ஒரு புதுச் செல்வம் வந்தது. கப்பலில் பணியாற்றிய அவர் தம்பி ஜப்பானிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் ஓர் எஞ்சினை வாங்கி வந்தார். அதுவரை அவரிடம் இருந்தவை கொசுவைப் போலக் கிறீச்சிடுபவை. இதுவோ ஃபோர் ஸ்ட்ரோக். மோட்டார் வண்டியில் உள்ளதைப் போலவே இதற்கும் இரண்டு வால்வுகள். காற்றும் எரிபொருளும் உட்புக ஒன்று, எரிந்த புகை வெளியேற மற்றொன்று. அவற்றை உரிய கணத்தில் திறந்து மூடவைப்பது கேம் எனப்படும் மேடுள்ள சிறு தண்டு. விரலளவுகூட இல்லாத அத்தண்டின் இருபுறமும் நுட்பமான மேடுகள். நடுவே ஒரு பல்சக்கரம். எஞ்சின் ஓடும்போது தொலைவில் யாரோ நல்ல மோட்டார் சைக்கிளில் வருவதுபோல் நிதானமான ஓசை எழும். அந்த ஓசையைக் கேட்கவே பாலாற்றுக் கரையில் மாடு மேய்ப்பவர்கள் கூடி நிற்பார்கள்.

மறுவருட மழைக்காலத்தில் எஞ்சின் பெட்டிக்குள் கிடந்தது. அதன் எரிபொருள் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. கார்த்திகைக் கடைசியில் எடுத்துப் பார்த்தபோது கேம் தண்டு துருவேறி, மேடுகள் அரித்துப் போயிருந்தன. ஆசிரியர் தம்பிக்குச் சொல்லியனுப்ப, புதிய தண்டு ஒன்று சிறு பொட்டலமாக வந்து சேர்ந்தது. ஆசிரியரின் விரல்கள் தடித்தவை. கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. பட்டிழையைப் பிணைக்கும் விரல்களைவிட இதற்குத் தகுந்தவை எங்கே கிடைக்கும்?

தை அமாவாசையன்று தறிகள் ஓய்ந்திருக்கும். அன்று பிற்பகல் பஞ்சாட்சரத்தின் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து எஞ்சினை வைத்தார்கள். தெருவில் வேலையற்றிருந்த நாலைந்து பேர் வாசலில் எட்டிப் பார்த்தனர். ஆசிரியர் விளக்கினார்:

"ஒண்ணே ஒண்ணுதான் முதலியாரே. பிஸ்டன் உச்சியில இருக்கறப்போ, பல்சக்கரத்துல இருக்கற இந்தப் புள்ளி நேர் கீழ பாக்கணும். அவ்ளோதான்."

பஞ்சாட்சரம் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பழைய தண்டை எடுத்தார். பிஸ்டனை உச்சியில் நிறுத்தினார். புதிய தண்டைத் துவாரத்தின் வாயில் வைத்து, புள்ளி நேர் கீழே நோக்குமாறு அணுவும் பிசகாமல் பிடித்து, மெல்ல உள்ளே தள்ளினார். பற்கள் கவ்வின. மூச்சுவிடும் நேரத்தில் எல்லாம் முடிந்தது. வாசலில் நின்றவர்கள் 'ஆகா' என்றனர்.

பிழை அங்கேதான் நேர்ந்தது. அந்தப் பல்சக்கரத்தின் பற்கள் நேர்ப்பற்கள் அல்ல, சாய்வானவை. சாய்ந்த பல் உள்ளே புகும்போது தண்டு தானே சற்றுத் திரும்பும். ஆகையால் வாயில் வைக்கும்போது புள்ளியை ஒரு பல் முன்னதாகவே தள்ளிப் பிடித்தால்தான் உள்ளே சென்றபின் அது நேர் கீழே நிற்கும். தறியில் வாழ்ந்த கைக்கு இது தோன்றவில்லை. சேர்க்கும் இடத்தில் நேராக இருப்பது இழுத்த பின்னும் நேராக இருக்கும் என்பதே அந்தக் கை அறிந்தது. உள்ளே போன தண்டை அவர் மீண்டும் பார்க்கவில்லை.

இம்மட்டும் அறியாமை. அதன்பின் நடந்தது வேறு. மூடியைப் பொருத்துமுன் விசிறியை ஒருமுறை கையால் சுழற்றினார். பிஸ்டன் மேலேறும்போது விரலை எதிர்த்து நிற்கவேண்டிய அழுத்தம் தளர்ந்திருந்தது. காற்றும் எரிபொருளும் கலந்து உட்புகும் கார்புரேட்டரின் வாயிலிருந்து மெல்லிய காற்று வெளிவந்து அவர் சுண்டுவிரலின் பக்கத்தைத் தொட்டது. அக்காற்று அங்கே வரலாகாது. வால்வு மூடவேண்டிய நேரத்தில் மூடவில்லை என்று அவ்விரல் அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

"என்னா மாமா, ஆச்சா?" என்றான் வீரபாகு.

"அவர் வச்சா ஆச்சுதான். அதுல என்னா கேள்வி?" என்றார் ஆசிரியர்.

வாசலில் நின்றவர்களின் முகங்களைப் பஞ்சாட்சரம் பார்த்தார். இத்தனை பேர் முன்னிலையில் தண்டை வெளியே இழுத்து, 'பிசகிவிட்டது' என்று சொல்ல நா எழவில்லை. புதுத் தண்டு, எண்ணெய் ஊறினால் சரியாகிவிடும் என்று தமக்குத் தாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"ஆச்சு" என்று சொல்லி மூடியைப் போட்டுத் திருகுகளை முடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பாலாற்று மணலில் எஞ்சின் கிளம்ப மறுத்தது. வீரபாகு விரலால் விசிறியைச் சுண்டச் சுண்ட, அது இருமி இருமி நின்றது. பஞ்சாட்சரம் வழக்கம்போல் வாலைப் பிடித்து மணலில் மண்டியிட்டிருந்தார். ஒவ்வொரு சுண்டலுக்கும் கார்புரேட்டர் வாய் எரிபொருளைத் திருப்பித் துப்பியது. அத்துளிகள் அவர் மணிக்கட்டில் பட்டுக் குளிர்ந்தன. அப்போதும் வாய் திறக்கவில்லை.

"கட்டையால சுத்துப்பா, கையால வேணாம்" என்றார் ஆசிரியர், விசிறியைத் தட்டிச் சுழற்றும் மரக்கட்டையைக் காட்டி.

"கட்டையில சுத்தினா அதோட நாடி தெரியாது சார். என்னிக்கும் கையாலதானே கெளப்பறேன்?" என்ற வீரபாகு, ஆசிரியர் கம்பிகளைச் சரிபார்க்க நடந்தபோது, எரிபொருள் சீசாவிலிருந்து சில சொட்டுகளைக் கூடுதலாகக் கார்புரேட்டருக்குள் விட்டான். பஞ்சாட்சரத்தைப் பார்த்துக் கண்சிமிட்டினான். "பசி போல இருக்குது மாமா அதுக்கு."

அடுத்த சுண்டலில் எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்தது. விசிறி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் திரும்பி வீரபாகுவின் வலக்கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கிழித்தது. அவன் அலறவில்லை. விரல்களை வியப்போடு பார்த்துக்கொண்டு மணலில் அமர்ந்தான். ஆசிரியர் ஓடிவந்து தம் வேட்டியைக் கிழித்துக் கட்டினார்.

மருத்துவமனையில் தையல் போட்டார்கள். எலும்புக்கும் நரம்புக்கும் கேடில்லை. ஆறிவிட்டால் முன்போல் வேலை செய்யலாம் என்று மருத்துவர் உறுதி கூறினார். கலாவதி தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே வைதாள்.

"பொம்மைக்குக் கை குடுத்துட்டு வந்துக்கிறான் பாரு, முப்பது வயசு கொழந்த. கட்டை இருக்குதே, எடுத்தா என்னா? கையில மருதாணியா வச்சிக்கினு இருந்த, கலைஞ்சிடும்னு?"

"தப்பு என்னுதுதான் அக்கா. எண்ணெய வேற அளவுக்கு மேல ஊத்திட்டேன். சாருக்குத் தெரியாது" என்றான் அவன்.

பக்கத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த பஞ்சாட்சரத்தின் கை நின்றது. வெற்றிலையை மடித்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

மறுவாரம் ஆசிரியர் எஞ்சினைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். ஏன் உதைத்தது என்று அறியாமல் அவரால் இருக்க முடியவில்லை. அதே கூடத்தில், அதே வெள்ளைத் துணியின்மேல் வைத்து ஆராய்ந்தார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வீரபாகு எதிரில் அமர்ந்திருந்தான். பிளக்கைக் கழற்றி மின்கலத்தோடு சேர்த்துப் பார்த்தார். அதன் கம்பிச் சுருள் செக்கச்செவேலென ஒளிர்ந்தது. எரிபொருளை முகர்ந்து, வேறு பழைய எஞ்சின் ஒன்றில் ஊற்றி ஓட்டிப் பார்த்தார், அது ஓடியது. வால்வுகளுக்கும் அவற்றை அழுத்தும் சிறு நெம்புகைகளுக்கும் இடையே மெல்லிய தகட்டை நுழைத்து இடைவெளியை அளந்தார்; சரியாக இருந்தது. கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து, ஊதி, மறுபடி பூட்டினார்.

"மிச்சம் இருக்கறது கேம் ஒண்ணுதான்" என்று தனக்குள் சொன்னார். திருப்புளியை எடுத்துப் பக்கவாட்டு மூடியின் திருகில் வைத்தார்.

பஞ்சாட்சரம் அந்தத் திருகையே பார்த்தார். அந்தத் திருகு திரும்பிவிட்டால் போதும். தாம் வாய் திறக்கவேண்டியதில்லை. அந்தப் புள்ளியே பேசிவிடும். ஆண்டவனே இரங்கித் தமக்கு ஒரு வழி திறப்பதாக அவருக்குத் தோன்றியது.

ஆசிரியர் திருப்புளியைக் கீழே வைத்தார். "சீச்சீ. முதலியார் வச்சது. அதைத் தொறந்து பாத்தா எனக்குத்தான் பாவம்." வீரபாகுவின் பக்கம் திரும்பினார். "ஏம்பா, நெசமா சொல்லு. அன்னிக்கு எதுனா கூட ஊத்தினியா?"

வீரபாகு தலைகுனிந்து ஒப்புக்கொண்டான்.

"அதான். சிலிண்டர் ரொம்பிப் போயி உதைச்சிடுச்சு. போவட்டும் வுடு, விரல் பொழைச்சுதே." ஆசிரியர் அன்போடுதான் சொன்னார். அந்த அன்பே தீர்ப்பாகி வீரபாகுவின் தலையில் இறங்கியது.

தையல் பிரித்தார்கள். விரல்கள் மடங்கின, நீண்டன, நூலை எடுத்தன. ஆயினும் வீரபாகு தறிக்குழியில் இறங்கி அமர்ந்து, நாடாவை ஒருமுறை எறிந்துவிட்டு அப்படியே நிறுத்திவிட்டான். தறியில் கோயில் கோபுரக் கரை வைத்த முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. நாள்கள் கழிந்தும் அவன் தொடரவில்லை. அக்காளோடு அமர்ந்து ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்தான். பெண்கள் வேலை என்று தெருவில் கேலி பேசினார்கள். முன்பெல்லாம் கேலிக்குக் கேலி தருபவன் இப்போது வாய் மூடியிருந்தான்.

"டாக்டருதான் சரியாப் போச்சுன்னு சொல்லிட்டாரே?" என்று கலாவதி கேட்டாள்.

"கை சரியாத்தான் இருக்குது. நான்தான் அத நம்ப மாட்டேன்றேன். ஒரு எஞ்சினுக்கு எவ்ளோ ஊத்தணும்னு தெரியாம ஊத்தின கை, ஒருத்தங்க வூட்டு முகூர்த்தப் பொடவையில என்னா பண்ணி வைக்கும்? வேற ஆளக் கூப்ட்டு முடிச்சிக்கச் சொல்லு மொதலாளிய."

சுவருக்கு அப்பால் இருந்து இதைக் கேட்டார் பஞ்சாட்சரம். வீரபாகு இழந்தது விரலை அன்று. தன் கையின்மேல் அவன் வைத்திருந்த நம்பிக்கையை. அதைத் திருப்பிக் கொடுக்கும் சொல் தம் வாயில் இருக்கிறது. அதைச் சொன்னால் தம் கையின் பெயர் போய்விடும். இவ்விரண்டையும் அவர் தெளிவாக அறிந்திருந்தார். அறிந்தும் நாள்களைக் கடத்தினார்.

அந்நாள்களில் அவர் பழையபடி தொழில் செய்ய இயலாதவரானார். பிணைக்க அமர்ந்தால் ஐந்தெழுத்து நாவில் வரவில்லை. 'நமசி' என்றதும் 'ஆச்சு' என்று அன்று தாம் சொன்ன சொல் குறுக்கே வந்து நின்றது. இணைத்த இழையையே மீண்டும் மீண்டும் தடவிப் பார்த்தார். ஒரு பாவைப் பிணைக்க இரண்டு பாவின் நேரம் ஆயிற்று.

மாலைகளில் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனார். நீண்ட பிராகாரத்தைச் சுற்றினார். சந்நிதியில் நின்றார். அபராதம் பொறுக்கும்படி கேட்கலாம் என்று கை கூப்புவார், கேட்காமலே திரும்புவார். பொறுக்கச் சொல்லி இங்கே கேட்பது எளிது என்றும், எளிதாக இருப்பதனாலேயே அது தமக்குரியதன்று என்றும் அவருக்குத் தோன்றியது. விரலில் இரத்தம் சிந்தியவன் அடுத்த வீட்டில் ராட்டை சுற்றிக்கொண்டிருக்க, இங்கே யாரிடம் எதைக் கேட்பது?

அவர் மனம் ஓர் இடைவழியைத் தேடியது. செவிலிமேட்டுக்குப் போய், எஞ்சினைத் துடைத்துத் தருவதாகச் சொல்லித் தண்டைச் சரியாக வைத்துவிடுவது. பின் எஞ்சின் நன்றாக ஓடும். வீரபாகுவே அதைக் கிளப்பி மனம் தேறுவான். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். இவ்வாறு எண்ணி, ஒரு மாலை டவுன் பஸ் ஏறிப் போனார்.

"வாங்க முதலியாரே. நானே அத யாருக்குனா குடுத்துடலாம்னு இருந்தேன். பாத்தாலே வீரபாகு மூஞ்சி ஞாபகம் வருது" என்று சொல்லி எஞ்சினை எடுத்துக் கொடுத்த ஆசிரியர், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முன்னறைக்குப் போனார்.

தனித்திருந்த பஞ்சாட்சரம் மூடியைக் கழற்றிப் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தார். புள்ளி நேர் கீழே இல்லை. ஒரு பல் தள்ளி, பக்கமாக ஒதுங்கி நின்றது. ஐயத்துக்கு இடமே இல்லை. தண்டை உருவினார். இம்முறை திரும்புவதற்கு இடம் விட்டுப் புள்ளியை முன்னே தள்ளிப் பிடித்து நுழைத்தார். உள்ளே சென்றதும் அது நேர் கீழே வந்து நின்றது. விசிறியைச் சுழற்றினார். அழுத்தம் விரலை எதிர்த்து நின்றது. கார்புரேட்டர் வாயில் காற்றில்லை. ஒரு கணம் கைகாரனின் மகிழ்ச்சி அவருக்குள் எழுந்தது.

மூடியைக் கையில் எடுத்தவர், அதைப் பொருத்தாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தார். இந்த மூடி மூடப்பட்டால் பிழை என்ற ஒன்று இருந்ததற்கே அடையாளம் இராது. எஞ்சின் நன்றாக ஓடும். ஓட ஓட, அன்று உதைத்ததற்குக் காரணம் வீரபாகு ஊற்றிய சொட்டுகளே என்பது மேலும் மேலும் உறுதிப்படும். தாம் செய்யவந்தது பழியைத் தீர்ப்பதன்று. அதை அவன்மேல் நிலையாகப் பூட்டித் திருகுவது. இதை அவர் அப்போதுதான் உணர்ந்தார்.

பின்பு அவர் செய்தது விந்தையான செயல். சரியாக அமர்ந்த தண்டை மீண்டும் வெளியே உருவினார். அமாவாசையன்று செய்தது போலவே, துவாரத்தின் வாயில் புள்ளியை நேர் கீழே பிடித்து, அதே பிழையை அதே இடத்தில் கவனமாகத் திரும்ப வைத்தார். அவர் தம் கையால் அறிந்தே செய்த பிழை அது ஒன்றுதான். அதன்பின் ஆசிரியரை அழைத்தார்.

"சார், இந்தப் புள்ளியப் பாருங்க."

ஆசிரியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். பார்த்தார். பஞ்சாட்சரத்தின் முகத்தையும் பார்த்தார். முன்னறையில் பிள்ளைகள் சத்தம் போடத் தொடங்கினார்கள்.

"பல்லு சாய்வா இருக்குதே... அது உள்ள போவும்போது திரும்பும்னு நான்தான் சொல்லியிருக்கணும் முதலியாரே. நான் தொறந்துகூடப் பாக்கலியே."

"நீங்க பாக்காததுக்கும் நான்தான் சார் காரணம். மூடாம அப்டியே எடுத்துக்கினு வாங்க. வீரபாகு வூட்டுக்குப் போவணும். நடுவுல மனசு மாறிட்டா எனக்கு இன்னொரு வாட்டி தெம்பு வராது."

ஆசிரியர் பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். பின்னிருக்கையில் பஞ்சாட்சரம், திறந்த எஞ்சினை இரு கைகளாலும் மார்போடு அணைத்து அமர்ந்தார்.

வீரபாகு ராட்டையின் முன் இருந்தான். கலாவதியும் உடனிருந்தாள். பஞ்சாட்சரம் அவன் எதிரில் தரையில் அமர்ந்து எஞ்சினை நீட்டினார்.

"காயம் பட்ட விரல இதோட வாயாண்ட வைப்பா."

"வேணாம் மாமா."

"விசிறி என் கையில இருக்குது. பேட்டரி இல்ல, எண்ணெ இல்ல. வை."

அவன் தயங்கித் தயங்கி விரலைக் கார்புரேட்டர் வாயருகே வைத்தான். பஞ்சாட்சரம் விசிறியை மெல்லச் சுழற்றினார்.

"காத்து வருது" என்றான் வீரபாகு.

"வரக் கூடாது." தண்டை உருவி, அவன் கண்ணெதிரே ஒரு பல் தள்ளிப் பிடித்து, மீண்டும் நுழைத்துச் சுழற்றினார். "இப்போ?"

"வர்ல."

"மொதல்ல இருந்துதே, அதான் நான் அமாவாசையன்னிக்கு வச்சது. ஒரு பல்லு தள்ளிப்போச்சு. அதனாலதான் அது கெளம்பாம துப்பிக்கினே இருந்துச்சு. அதனாலதான் உதைச்சுது. நீ ஊத்தின நாலு சொட்டு இல்லப்பா."

ஆசிரியர் குறுக்கிட்டார்: "கட்டையால சுத்தியிருந்தா விரல் தப்பியிருக்கும், அது வேற. ஆனா அது உதைச்சது உன்னால இல்லப்பா."

வீரபாகு தன் விரல்களைப் பார்த்தான். மடக்கினான், நீட்டினான். அவன் முகத்தில் பல நாள்களாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. கலாவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா. அவருக்கும் தெரியாமப் போச்சு, உனக்கும்..." என்று தொடங்கினாள்.

பஞ்சாட்சரம் கையமர்த்தினார். இங்கேயே நின்றுவிடலாம். எல்லாரும் மன்னித்துவிடுவார்கள், தெரியாமற் செய்த பிழை.

"தெரியும்" என்றார். "மூடி போடறதுக்கு முன்னாடியே காத்து என் விரல்ல பட்டுச்சு. வாசல்ல அவ்ளோ பேரு நின்னுக்கினு இருந்தாங்க. ஆச்சுன்னு சொல்லிட்டேன். மணல்லயும் தெரியும். அது துப்பினது என் கையிலதான் பட்டுச்சு."

ராட்டையிலிருந்த நூல்கண்டு உருண்டு சுவரோரம் போயிற்று. ஒருவரும் அதை எடுக்கவில்லை.

"நான் சுண்டிக்கினு இருந்தப்போவே தெரியுமா?"

"தெரியும்."

"வாலப் புடிச்சிக்கினு எதிர்ல உக்காந்துக்கினு இருந்தியே மாமா. 'நில்லுடா'ன்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த."

பஞ்சாட்சரம் எஞ்சினைத் தரையில் வைத்தார்.

"அப்புறமும் இத்தினி நாளு. நான் பொம்பளைங்களாட்டம் ராட்டை சுத்திக்கினு இருந்தத செவுத்துக்கு அந்தாண்ட இருந்து கேட்டுக்கினே இருந்த. உன் கை சுத்தம்னு தெருவே சொல்லணும், அதுக்கு என் கை அழுக்காப் போவணும். அப்டித்தானே?"

"அப்டித்தாம்பா."

"எழுந்து போ மாமா. இன்னும் செத்த இருந்தா எதுனா சொல்லிடுவேன்."

அவர் எழுந்து போனார். கலாவதி அவர் பின்னால் வரவில்லை. அன்றிரவு தம்பியின் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

விடிந்ததும் சுவருக்கு அப்பால் தறியின் ஓசை எழுந்தது. முதலில் தடுமாற்றம், ஓர் எறிதல், இடைவெளி, மீண்டும் ஓர் எறிதல். வெயில் ஏறுமுன் அது பழைய நடைக்கு வந்துவிட்டது. பஞ்சாட்சரம் பழைய சோற்றைத் தாமே பிழிந்து வைத்துக்கொண்டு அவ்வோசையைக் கேட்டார். மகிழ்ச்சி வரும் என்று எண்ணியிருந்தார். வந்தது, கூடவே, இந்த ஓசையை இத்தனை நாள் நிறுத்திவைத்தது தாம் என்பதும் ஒவ்வோர் எறிதலிலும் வந்து தைத்தது. சொல்லிவிட்டால் சுமை இறங்கும் என்பது அவருக்கு மெய்யாகவில்லை. சுமை உரிய தோளுக்கு மாறியிருந்தது, அவ்வளவே.

அச்செய்தியை அவரே தெருவில் சொன்னார். பாவு பிணைக்க அழைத்த வீடுகளில் அமர்வதற்குமுன், "இழுத்ததும் ஒரு வாட்டி பாத்துக்குங்கப்பா. நான் தப்பு பண்ணிட்டு மூடி வச்சவன்" என்பார். சிலர் சிரித்தார்கள். சிலர் உண்மையாகவே பார்த்தார்கள். இரண்டொரு வீடுகள் அழைப்பதை நிறுத்தின. கலாவதி திரும்பி வந்து அடுப்பை மூட்டினாள். வேண்டிய சொற்களை மட்டும் பேசினாள்.

முகூர்த்தப் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தெடுத்த வாரம், வீரபாகு அவர் வாசலுக்கு வந்தான். உள்ளே வராமல் படியில் நின்றான்.

"அக்கா இருக்குதா?"

"கொழாயடிக்குப் போயிருக்குது" என்றார் பஞ்சாட்சரம் உள்ளிருந்து. பின் எழுந்து வாயிற்படி வரை வந்தார்.

வீரபாகு அவர் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தான். "புதுப் பாவு வந்துக்குது. பிணைக்கறதுக்கு முசரவாக்கத்து ஆளுகிட்ட சொல்லிட்டேன். அவன் நாளைக்கு வரான்."

"சரிப்பா."

"அக்காகிட்ட சொல்லிவுடலாம்னு பாத்தேன். தெருவுல யாராச்சும் சொல்லி உனக்குத் தெரியறதும் நல்லா இல்ல. மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும்னுதான் வந்தேன்."

"செய்ய வேண்டியதத்தான் செஞ்சிருக்கறப்பா" என்றார் பஞ்சாட்சரம்.

அவன் வலக்கையால் தலையைக் கோதிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனான். பஞ்சாட்சரம் கதவைச் சாத்தாமல், அவன் நின்ற இடத்தைப் பார்த்தபடி வாயிற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.